தரவு அறிவியலுக்கு ஒரு தேசிய நிறுவனம்: கட்டிடத்தைக் கடைசியில் வையுங்கள்

"தேசிய அளவில் தரவு அறிவியல் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைப்பது குறித்து விரிவான திட்ட அறிக்கை அனுப்பவும்" என்று அமைச்சகத்தில் இருந்து கடிதம் வரும். அது யார் மேசைக்கு வருகிறதோ, அவர் முதலில் விசாரிப்பது வளாகத்தில் எங்கே காலி இடம் இருக்கிறது என்பதைத்தான். அடுத்து பெரிய கணக்குகளைப் போடும் ஜிபியு சர்வருக்குக் கொட்டேஷன். அப்புறம் லோகோ. மாப்பிள்ளை முடிவாகும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற காரியம் இது.

நான் விஞ்ஞானி இல்லை. மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் நிதி, நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விஞ்ஞானிகள் ஆசையோடு எழுதித் தருவதை டெல்லி ஏற்கும் நோட்டாக மாற்றுவதும், பணம் வந்து செலவான பிறகு அதற்கு யூசி, அதாவது பணம் பயன்பட்டதற்கான சான்றிதழ், அனுப்புவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பது கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுநடுவே இரண்டு நிறுவனங்களை இழுப்பேன்: கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் (ஐஎஸ்ஐ), பிரிட்டனின் தேசியத் தரவு அறிவியல் நிறுவனமான லண்டனின் ஆலன் டியூரிங் இன்ஸ்டிட்யூட்.

புதிதாக எதற்கு என்ற கேள்வி

பொது நிதி விதிகள் 2017-ல் விதி 229-ஐ அச்செடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சரவை ஒப்புதல் இல்லாமல் புதிய தன்னாட்சி அமைப்பு எதையும் தொடங்கக் கூடாது, அதே வேலையை இருக்கிற அமைப்பே செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே நிதி அமைச்சகத்தில் உங்கள் ஃபைலைப் பிரிக்கும் அதிகாரி கேட்கப்போவது ஒன்றுதான்: "இதை ஐஐடி செய்யாதா? ஐஎஸ்ஐ செய்யாதா? மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக் செய்யாதா?"

"உலகத்தரம்", "முன்னணி", "சூழலமைப்பு" போன்ற சொற்களை நிரப்பி எழுதினால் ஃபைல் திரும்பி வரும். வரவும் வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்குப் புது நிறுவனம் தேவையில்லை. அதைப் பல்கலைக்கழகங்களே செய்யும். அவற்றால் முடியாதது வேறு. பல துறைகளின் பதிவுகளை ஒரே இடத்தில், ஒரே விதிமுறையின் கீழ், பல வருடங்களுக்கு வைத்துக் காப்பது. அந்தப் பதிவுகளின் குணம் தெரிந்த ஆட்களை விடாமல் வைத்திருப்பது. பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் மூன்று வருடம் பாடுபட்டுச் சுத்தம் செய்த தரவு, அவர் பிஎச்டி முடிந்ததும் அவருடைய லேப்டாப்போடு போய்விடுகிறது. அடுத்து வரும் மாணவர் முதலில் இருந்து தொடங்குகிறார். இந்த வீணடிப்பை நிறுத்துவதுதான் தேசிய நிறுவனத்துக்கான நியாயம். அறிக்கையின் முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள். இதை எழுதிவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கொல்கத்தா அப்படித்தான் பிறந்தது. 1931 டிசம்பரில் புள்ளியியலாளர் மகலநோபிஸ் ஐஎஸ்ஐ-யைத் தொடங்கியபோது நிறுவனம் இருந்தது பிரெசிடென்சி கல்லூரியின் இயற்பியல் துறையில். முதல் வருடச் செலவு 238 ரூபாய். வங்காளத்தில் சணல் எவ்வளவு நிலத்தில் பயிராகிறது என்பதுபோன்ற கேள்விகளைக் கையில் எடுத்து, மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தித்தான் வளர்ந்தார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் இருந்து வாங்கிய எச்இசி-2எம் கணினி அங்கே ஓடத் தொடங்கியது 1956-ல். அதாவது நிறுவனம் பிறந்து கால் நூற்றாண்டு கழித்து, கணக்குப் போட வேண்டிய தாள்கள் மலையாகச் சேர்ந்த பிறகு.

எந்தச் சட்டத்தின் கீழ்

இந்தியாவில் நடைமுறையில் மூன்று வழிகள். 1860-ம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவின் கீழ் லாப நோக்கற்ற கம்பெனி. நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம். ஐஎஸ்ஐ 1932-ல் சங்கமாகப் பதிவாகி, 1959-ல் தனிச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி பெற்றது. சங்கம் என்ற உருவம் அப்படியே இருந்தது. அதை மாற்றுவதற்கு 2025-ல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதா வெளியிட்டதும் பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். சட்ட உருவம் வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2018 டிசம்பரில் 3,660 கோடி ரூபாயில் ஒப்புதலான மத்திய அரசின் சைபர்-இயற்பியல் அமைப்புகள் (கணினியையும் இயந்திரங்களையும் இணைக்கும் தொழில்நுட்பம்) மிஷன், 25 மையங்களை உயர்கல்வி நிறுவனங்களுக்குள் 8-வது பிரிவுக் கம்பெனிகளாக அமைத்தது. வேகம் வேண்டும் என்றால் இந்த வழி நல்லது. ஆள் எடுப்பதிலும் சம்பளத்திலும் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும். ஆனால் மிஷன் முடிந்தால் பணமும் முடியும். அரசுத் துறைகள் தங்கள் பதிவுகளை "கம்பெனி" ஒன்றுக்குக் கொடுக்கத் தயங்குவதையும் பார்த்திருக்கிறேன்; அந்தக் கம்பெனியில் லாபம் இல்லை, அரசுப் பணம்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் தயக்கம் போகாது. தரவை வைத்துக் காப்பதுதான் நோக்கம் என்றால் சங்கமாகப் பதிவு செய்யுங்கள், தொழிலுக்கான பயிற்சி, ஆலோசனை வேலைகளுக்குத் தனியாக ஒரு கம்பெனி பிறகு வைத்துக்கொள்ளலாம். தனிச் சட்டத்துக்கு முதல் நாளிலேயே ஆசைப்பட வேண்டாம்.

தரவுக்கான ஒப்பந்தம்: இங்கே அவசரப்படாதீர்கள்

திட்ட அறிக்கை அனுப்புவதற்கு முன்பே குறைந்தது இரண்டு துறைகளுடன் பேசி முடித்திருக்க வேண்டும். "பரஸ்பர ஒத்துழைப்பு" என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி, போட்டோ எடுத்து, சால்வை போர்த்திக் கையெழுத்தாகும் புரிந்துணர்வு ஒப்பந்தம் எதற்கும் உதவாது. அதில் எந்தக் கோப்பு, அதில் எந்தப் பத்திகள் (காலம்கள்), எந்த வருடத்தில் இருந்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துத் தரப்படும் என்பது இருக்காது. இவை எல்லாம் ஒப்பந்தத்தின் இணைப்பில் வரிவரியாக வர வேண்டும்.

தொடர்பு அதிகாரியின் பெயரை எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். செயலாளர் மாறுவார், இணைச் செயலாளர் மாறுவார். ஆர்வமாகப் பேசிய அதிகாரி மாற்றலாகிப் போன அடுத்த வாரமே "இந்த விஷயம் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். துறையின் தரப்பில் கோப்பை எடுத்து அனுப்பப்போவது யார் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அது ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் ஒரு டேட்டாபேஸ் ஆபரேட்டர். அவரிடம் அரை நாள் உட்கார்ந்து பேசினால், செயலாளரிடம் நான்கு கூட்டம் போட்டாலும் தெரியாதது தெரியும்: எந்தப் பத்தி கட்டாயத்துக்காக நிரப்பப்படுகிறது, எந்த மாவட்டம் மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றுகிறது, பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு எல்லாம் ஜனவரி 1 என்று போடுகிறார்களா.

கையெழுத்துக்கு முன்பு மாதிரிக் கோப்பு ஒன்று வாங்கி இரண்டு துறைகளின் பதிவுகளை இணைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கோப்பாக இருந்தால் சீக்கிரமே பாடம் கிடைக்கும். ஒரு பதிவில் எஸ். முருகன், இன்னொன்றில் முருகன் எஸ்., மூன்றாவதில் முருகன் சுப்பையா. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் உள்ள படிவத்தில் தகப்பனார் பெயர் எந்தக் கட்டத்தில் விழும் என்பது அன்று நிரப்பியவர் மனசைப் பொறுத்தது. குடும்பப் பெயர் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட வெளிநாட்டு மென்பொருள் இங்கே திணறும். அப்புறம் மாவட்டங்கள். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்தும், 2020-ல் மயிலாடுதுறையும் பிரிந்து 38 ஆகின. பழைய கோப்பில் திருநெல்வேலி என்று இருப்பதில் பாதி இன்றைக்குத் தென்காசியாக இருக்கும். மத்திய அரசின் உள்ளாட்சிக் கோவை என்ற பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் இருக்கிறது. எந்தத் துறை அந்த எண்ணைப் பயன்படுத்துகிறது, எது தன் சொந்த எண்ணை வைத்திருக்கிறது என்று அட்டவணை போடுவதே முதல் வருடத்தின் உருப்படியான ஆய்வு. கட்டுரையாக வராது. ஆனால் அதற்குப் பிறகு வரும் எல்லாக் கட்டுரையும் அதன்மேல்தான் நிற்கும்.

வெளியிடும் உரிமை பற்றிய பத்தியில் விட்டுக்கொடுக்காதீர்கள். துறை முன்கூட்டியே படித்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் சொல்லலாம், அதற்கு 30 நாள் தரலாம். முடிவு பிடிக்கவில்லை என்று நிறுத்தி வைக்க முடியாது. இதற்கு ஒப்பாத துறையின் தரவு இல்லாமலே தொடங்குங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பிரிவு 17(2)(b)-ல் ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு தருகிறது. "எங்களுக்கு விலக்கு உண்டு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுசாகப் படியுங்கள்: அந்தத் தரவை வைத்துத் தனி ஒரு ஆளைப் பற்றி முடிவு எடுக்கக் கூடாது, குறிப்பிட்ட தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கின்றன. நாளைக்கே ஒரு துறை வந்து, "உங்கள் மாடலை வைத்துத் தகுதியில்லாத பயனாளிகளின் பட்டியல் கொடுங்கள்" என்று கேட்கும். கொடுத்தால் விலக்கு போய்விடும். முடியாது என்று சொல்ல உங்கள் இயக்குநருக்குத் தைரியம் வருவதற்காகவே இதை உங்கள் சங்க விதிகளிலும் எழுதி வையுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் பதிவுகளை எதிர்பார்க்காதீர்கள். 1948 சட்டத்தின் 15-வது பிரிவு அதை மூடி வைத்திருக்கிறது.

உள்ளே தரவை வைக்கும் முறைக்குப் பிரிட்டனில் நல்ல மாதிரி உண்டு. அவர்களுடைய தேசியப் புள்ளியியல் அலுவலகத்தில் 2000-களின் தொடக்கத்தில் உருவான ஐந்து பாதுகாப்புக் கேள்விகள்: ஆய்வு தகுந்ததா, ஆள் நம்பகமானவரா, தரவில் அடையாளம் நீக்கப்பட்டதா, வேலை செய்யும் இடம் பாதுகாப்பானதா, வெளியே போகும் முடிவில் யாராவது அடையாளம் தெரிவார்களா. கடைசிக் கேள்வியை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. ஒரு வட்டத்தில் ஒரு குறிப்பிட்ட நோய் உள்ளவர் ஒரே ஒருவர் என்று அட்டவணையில் "1" அச்சானால், பெயர் இல்லாவிட்டாலும் அந்த ஊருக்கே ஆள் யார் என்று தெரியும். வெளியே போகும் ஒவ்வொரு அட்டவணையையும் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

31, 35, 36

மானியம் மூன்று கணக்குத் தலைப்புகளில் வரும். 31 பொதுச் செலவு, 35 மூலதனச் சொத்து, 36 சம்பளம். அமைச்சகங்கள் சந்தோஷமாகக் கொடுப்பது 35. கட்டிடம், மெஷின், ரிப்பன் வெட்டலாம், புகைப்படம் உண்டு. தரவு நிறுவனத்துக்குத் தேவைப்படுவதோ 36-ம் 31-ம். கிளவுட் வாடகை 31. மென்பொருள் சந்தா 31. துறை அலுவலகங்களுக்கு உங்கள் ஆள் போய் உட்காரும் பயணச் செலவும் 31. ஒரு தலைப்பில் வந்ததை இன்னொன்றுக்கு மாற்றுவது லேசில் நடக்காது. ஆகவே முதல் அறிக்கையிலேயே 35-ஐக் குறைத்து, மற்ற இரண்டையும் கூட்டிக் கேளுங்கள். "கட்டிடம் கேட்காமல் ஒரு நிறுவனமா?" என்று கூட்டத்தில் ஆச்சரியப்படுவார்கள். ஆச்சரியப்படட்டும்.

மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் காலாவதியாகிவிடும். முதல் வருடம் ஆள் சேராததால் 36-ல் மிஞ்சுவது உறுதி. அதனால் முதல் வருடத்துக்குக் குறைவாகவும் இரண்டாம் மூன்றாம் வருடங்களுக்கு அதிகமாகவும் பிரித்துக் கேட்பது புத்திசாலித்தனம். பிப்ரவரியில் அவசரமாக மானிட்டர் வாங்கிக் குவித்து யூசி அனுப்பும் வழக்கத்தை ஆடிட்டர்கள் நன்றாகவே அறிவார்கள்.

பணம் கொடுக்கும் ஒரே ஒரு பெரிய இடத்தை நம்பி இருப்பதன் விலையை லண்டன் காட்டுகிறது. 2014 மார்ச் பட்ஜெட்டில் டியூரிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஐந்து வருடங்களுக்கு 4.2 கோடி பவுண்டு என்று அறிவித்தார்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, எடின்பரோ, வாரிக், யுசிஎல் ஆகிய ஐந்தும் தலா 50 லட்சம் பவுண்டு போட்டன. 2018-ல் மேலும் எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. ஆனாலும் 2025-ல் அமைச்சர் ஒருவர், பாதுகாப்புத் துறைப் பக்கம் திரும்புங்கள், இல்லாவிட்டால் நிதி பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்ற தொனியில் கடிதம் எழுதியதும் நிறுவனமே ஆட்டம் கண்டது. தலைமை நிர்வாகியும் பதவி விலகினார். உங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வரும். ஒரு வருடச் சம்பளத்துக்கான நிதியையாவது தனி வைப்பாக வைத்துக்கொள்ள முதல் ஒப்புதலிலேயே அனுமதி வாங்க முயலுங்கள். கிடைப்பது கஷ்டம்தான், பிறகு கேட்டால் நிச்சயம் கிடைக்காது.

யாரை எடுப்பது

பேராசிரியர்கள் வருவார்கள். அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய வேலையில் தங்கள் உரிமையை (லீன்) வைத்துக்கொண்டு, தற்காலிகமாக (டெபுடேஷன்) இரண்டு வருடம், வாரத்துக்கு இரண்டு நாள் என்றாவது வருவார்கள். கிடைக்காதவர்கள் டேட்டா எஞ்சினியர்களும், தரவைப் பராமரிப்பவர்களும், ஆய்வு மென்பொருள் எழுதுபவர்களும். இவர்களை "புரொஜெக்ட் அசோசியேட்" என்று பதினொரு மாத ஒப்பந்தத்தில் எடுப்பது நம் நிறுவனங்களின் பழக்கம். ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 10-ல், அதாவது விஞ்ஞானி வரிசையின் தொடக்க நிலையில், அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அந்த நிரந்தரப் பதவிக்கே சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஐடி கம்பெனிகளோடு போட்டி போடுவது சிரமம். பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு வருபவர் வேறு வேலை தேடிக்கொண்டே வேலை பார்ப்பார். போகும்போது அந்த மாவட்ட எண் அட்டவணையின் சூட்சுமம் எல்லாம் அவரோடு போகும்.

நான் சொல்வது இது: முதலில் அனுமதி கேட்கும் நிரந்தரப் பதவிகளில் பாதி இவர்களுக்கு. நியமன விதிகளில் "டெக்னிக்கல் அசிஸ்டென்ட்" என்று போடாமல் விஞ்ஞானி வரிசையிலேயே வைத்து, விஞ்ஞானிகளுக்கு உள்ள, காலியிடத்துக்குக் காத்திராத நெகிழ்வுப் பதவி உயர்வுத் திட்டத்தை இவர்களுக்கும் பொருத்துங்கள். மதிப்பீட்டில் கட்டுரை எண்ணிக்கை கேட்காதீர்கள். பராமரித்த தரவுத்தொகுப்பு, எழுதிய விளக்கக் கையேடு, அதைப் பயன்படுத்திய ஆய்வுகள் எத்தனை என்று கேளுங்கள். டியூரிங் இன்ஸ்டிட்யூட் ஆய்வு மென்பொருள் எஞ்சினியர்களுக்கென்று தனிப் பிரிவே வைத்தது. சுவிட்சர்லாந்தில் இரண்டு கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனங்கள் சேர்ந்து 2017-ல் தொடங்கிய தரவு அறிவியல் மையத்தில், மையத்தின் ஆட்கள் மற்ற ஆய்வுக் குழுக்களோடு சேர்ந்து திட்டவேலை செய்கிறார்கள். நம் அளவுக்கு இது ரொம்பப் பொருத்தமான ஏற்பாடு.

இயக்குநரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். விருது வாங்கியவர் கிடைத்தால் நல்லது. ஒரு செயலாளரின் அறைக்கு வெளியே முகம் சுளிக்காமல் இரண்டு மணி நேரம் காத்திருக்கத் தெரிந்தவர் கிடைத்தால் அதைவிட நல்லது.

மெஷினும் இடமும்

ஜிபியு வாங்கத்தான் வேண்டுமா? 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதலான இந்தியாஏஐ மிஷன் மானிய விலையில் கணினித் திறனை வாடகைக்குத் தருகிறது. அடையாளம் நீக்கிய தரவுக்கு அது போதும். வெளியே அனுப்ப முடியாத தரவுக்கு மட்டும் சிறிதாக ஒரு சொந்த அறை. வாங்கும்போது விலையோடு பராமரிப்பு ஒப்பந்தம், யுபிஎஸ், ஏசி, மின்கட்டணம் எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். குறைந்த விலை சொன்னவருக்கே கொடுக்கும் எல்-1 டெண்டரில் மெஷின் மலிவாக வந்து, பேட்டரிக்குப் பணம் இல்லாமல் மழைக்காலம் முழுக்க அணைத்து வைத்த கதை எனக்குத் தெரிந்த இடத்தில் உண்டு.

இடம்? டியூரிங் இன்ஸ்டிட்யூட் குடியேறியது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக்குள். கனடா 2017-ல் 12.5 கோடி கனடா டாலரை ஒரே ஊரில் கொட்டாமல் எட்மன்டன், மாண்ட்ரியல், டொராண்டோ என்று ஏற்கெனவே ஆட்கள் இருந்த மூன்று ஊர்களுக்குப் பிரித்தது. நம் நாட்டில் தலைமையகம் எந்த மாநிலத்தில் என்ற சண்டை நிச்சயம் வரும். சண்டை முடியக் காத்திருக்காமல் இரண்டு மூன்று இருக்கிற நிறுவனங்களில் வாடகைக்குத் தளம் எடுத்து, தரவு அறைக்கு மட்டும் ஒரே விதிமுறை வைத்துத் தொடங்கிவிடலாம்.

சங்க விதிகளில் ஒரு பத்தி

பதிவுக்கு முன்னால் எல்லோரும் மறக்கும் ஒன்று. சங்கப் பதிவுச் சட்டத்தின் 14-வது பிரிவு, கலைக்கப்படும் சங்கத்தின் சொத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது, வேறொரு சங்கத்துக்கு அது போக வேண்டும் என்கிறது. 1860-ல் எழுதியவர்கள் மேசை, நாற்காலி, நிலத்தை நினைத்தார்கள். உங்கள் சொத்து தரவு, அதுவும் பல துறைகளிடம் இருந்து நிபந்தனையோடு வாங்கியது. இது தற்செயலாக வரும் கவலை இல்லை: ஐஎஸ்ஐ வளர்த்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பே 1970-களின் தொடக்கத்தில் அரசின் தனி அமைப்புக்குப் போனது. நிறுவனம் மூடப்பட்டாலோ இன்னொன்றோடு இணைக்கப்பட்டாலோ எந்தக் கோப்பு மூலத்துறைக்குத் திரும்பும், எது அழிக்கப்படும், விளக்கக் கையேடுகளும் எண் அட்டவணைகளும் யாரிடம் போகும், எத்தனை நாளுக்குள் என்பதைத் தனி அட்டவணையாக இணையுங்கள். துறைகளின் சட்ட ஆலோசகர்கள் ஒப்பந்தத்தில் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கமும் அதுதான். அது தெளிவாக இருந்தால் மற்ற பக்கங்களுக்குக் கையெழுத்து வாங்குவது சுலபம்.